கழித்தல் குறி விழுந்த வரிசையை அழிக்காதீர்கள்

தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் ஆண்டு தவறாமல் ஒரே வகையான திட்டப்பணி வந்து சேர்கிறது. கன்னிக் கொத்து என்ற பெருங்கூட்டத்தில் உள்ள விண்மீன் பேரடைகளின் நிறம் ஒரு அச்சில். கொத்தின் நடுவிலிருந்து அவை இருக்கும் தொலைவு மறு அச்சில். வானத்தின் பெரும்பகுதியைப் படமெடுத்துப் பட்டியலிட்ட ஸ்லோன் வான் ஆய்வின் தரவுகள் இலவசம் என்பதால் மடிக்கணினி ஒன்று போதும். தொலைநோக்கி தேவையில்லை என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடம் சிங்கப்பூரைத்தான் முதலிடத்தில் வைத்தது. மே மாத இரவில் கன்னிக் கொத்து ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகிறது. ஆனாலும் அடுக்குமாடி வீட்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால் நிலாவும் கோள்களும் பளிச்சென்ற சில விண்மீன்களும்தான் கண்ணுக்குப் படும். ஆக நம் பிள்ளைகளுக்கு வானியல் என்பது பெரும்பாலும் அட்டவணைதான். அதில் குறை ஒன்றுமில்லை. அட்டவணையைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

மெசியர் 90 என்ற பேரடையின் வரிசையைப் பாருங்கள். செம்பெயர்ச்சிக்கு, அதாவது விலகும் பேரடையின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவுக்கு, நேரே கழித்தல் குறி இருக்கும். பிரபஞ்சம் விரிகிறது, பேரடைகள் விலகுகின்றன, விலகும் வேகத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம் என்று படித்துவிட்டு வரும் மாணவருக்கு அது தட்டச்சுப் பிழையாகத் தெரிகிறது. தொலைவு எங்காவது சுழிக்குக் கீழே போகுமா? வரிசையை அழித்துவிடுகிறார். வரைபடம் அழகாகிவிடுகிறது. அந்தத் திட்டப்பணியில் சொல்லத்தக்கதாக இருந்த ஒரே செய்தியும் அதோடு போய்விடுகிறது.

கன்னிக் கொத்து சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கொத்து மொத்தமாக விநாடிக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகுகிறது. மெசியர் 90 மட்டும் 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது; அந்தக் கழித்தல் குறி சொல்வது இதைத்தான். இரண்டையும் கூட்டினால், கொத்துக்குள் அது விநாடிக்குக் குறைந்தது 1,300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. குறைந்தது என்று சொல்வதற்குக் காரணம், பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டாது.

பேரடைகளுக்கு இடையே உள்ள வெளி காலியாக இருந்தால் இந்த வேகத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அது காலியாக இல்லை. 1970இல் ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், பெரிய கொத்துகளிலிருந்து எக்ஸ் கதிர் பரவலாக வருவதைக் கண்டது. கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. கொத்தின் விண்மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த வாயுவின் நிறைக்கு ஈடாகாது. ஆனால் அடர்த்தி மிகக் குறைவு: கன மீட்டருக்கு ஆயிரம் துகள் என்ற அளவுதான். காற்றே அடிக்காத நாளிலும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்று அறைவதில்லையா? பேரடைக்கும் அதே கதி. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் இவ்வளவு மெல்லிய வாயுவும் வேலையைக் காட்டுகிறது. 1972இல் கன், காட் என்ற வானியலாளர் இருவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பேரடையின் ஈர்ப்பு தன் வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாத இடத்தில், அதாவது வட்டின் வெளி ஓரத்தில், உரிப்பு தொடங்கி உள்நோக்கி வரும்.

மெசியர் 90இல் நடந்திருப்பது இதுவே. அதன் வட்டின் வெளிப்பகுதியில் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. புது விண்மீன்கள் நடுப்பகுதியில் மட்டுமே பிறக்கின்றன. கனடா–பிரான்ஸ்–ஹவாய் தொலைநோக்கி எடுத்த அதன் வாலின் படம் 2016இல் வெளியானது. பிய்த்தெடுக்கப்பட்ட வாயு இரண்டு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீண்டு கிடக்கிறது.

இத்தகைய வால் உள்ள படங்கள், ‘கருந்துளை ஒரு பேரடையை விழுங்கும் காட்சி’ என்ற தலைப்போடு வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது நார்மா கொத்தில் உள்ள ஈஎஸ்ஓ 137-001. நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்கலம் அதன் வாலை எக்ஸ் கதிரில் பதிவு செய்திருக்கிறது. படத்தில் நீலமாக ஒழுகுவது எக்ஸ் கதிருக்குப் பூசிய நிறம். விழுங்குதல் எதுவும் அங்கே நடக்கவில்லை. கூர்ந்து பாருங்கள்: வாயு பறக்கிறது, விண்மீன் வட்டோ குலையாமல் அப்படியே இருக்கிறது. பக்கத்துப் பேரடையின் ஈர்ப்பு இழுத்திருந்தால் விண்மீன்களும் சேர்ந்து சிதறியிருக்கும். இந்த வேறுபாட்டைத் தன் அறிக்கையில் எழுதும் மாணவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் தருவேன்.

இதைப் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் எதிர்காற்றின் தலையில் கட்டிவிட வேண்டாம். வானியலாளர் டிரெஸ்லர் 1980இல் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெருக்கம் கூடக்கூடச் சுருள் பேரடைகள் குறைவதைக் காட்டினார். அது நெருக்கத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் சொல்கிறது, காரணத்தை அல்ல. வெளியிலிருந்து வரும் புதுவாயு நின்றுபோய், கையிருப்பைச் செலவழித்தே மெல்ல ஓய்ந்த பேரடைகள் ஏராளம். 2015இல் வானியலாளர் பெங் குழுவினர் உலோகச் செறிவை (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவை) ஒப்பிட்டு, இப்படி ஓய்வதற்குச் சுமார் 400 கோடி ஆண்டுகள் ஆகும் என்று கணித்தார்கள். சிறு குழுக்களில் இருந்தபோதே வாயுவை இழந்துவிட்டுக் கொத்துக்குள் வருபவையும் உண்டு. நிறை மிகுந்தவை தனித்து இருந்தாலும் விண்மீன் பிறப்பை நிறுத்திவிடுகின்றன. ஆகவே ஒத்த நிறையுள்ளவற்றை ஒத்த நிறையுள்ளவற்றோடு ஒப்பிடாத வரைபடம் எதையும் நிரூபிக்காது.

இன்னொரு சிக்கல்: கொத்தின் நடுவில் இருக்கும் மெசியர் 87 என்ற பேரடைக்கு அருகே நீலப் புள்ளிகள் சில விழும். நீலம் என்றால் புது விண்மீன்கள் பிறக்கும் பேரடை. நடுவில்கூட விண்மீன்கள் பிறக்கின்றன என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாம் பார்ப்பது தட்டையான வானம். கொத்தின் முன்பக்க ஓரத்தில் இருப்பதும் நடுவில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

அடுத்த முறை செய்பவர்களுக்கு என் யோசனை இது. தொலைவோடு, கொத்தின் சராசரி வேகத்திலிருந்து ஒவ்வொரு பேரடையின் வேகமும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் சேர்த்து வரையுங்கள். அண்மையில் உள்ளே நுழைந்தவை பெரும்பாலும் கூடுதல் வேகத்தில் இருக்கும். நிறத்தோடு நிற்காமல் ஹைட்ரஜன் அளவையும் எடுங்கள். அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி கொண்டு பேரடைகளின் ஹைட்ரஜனை அளந்த அல்ஃபால்ஃபா பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. முதலில் வாயு போகும், நிறம் பின்னால்தான் மாறும். நீலம் குறையாமல் ஹைட்ரஜன் மட்டும் குறைந்திருக்கும் பேரடை, இப்போதுதான் அடி வாங்கியிருக்கக்கூடும். அந்தப் பட்டியலில் ஒரு பேரடையின் பெயர் இல்லை என்றால், ஹைட்ரஜன் சுழி என்று நிரப்பிவிடாதீர்கள். கருவிக்கு எட்டும் அளவுக்குக் கீழே என்று எழுதி, அந்த அளவு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.