வறுவலில் அச்சடிக்கத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார்?

பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு படமோ விடுகதையோ அச்சடித்தால் என்ன? 2002-ல், அப்போது அதைத் தயாரித்துவந்த பி அண்ட் ஜி (புராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனத்தில் இப்படி ஒரு யோசனை எழுந்தது. கேட்க எளிதுதான். ஆனால் வறுத்தெடுத்த சூடும் ஈரமும் அடங்குவதற்குள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில், பல நிறங்களில், எழுத்து கலங்காமல் அச்சாக வேண்டும். மையும் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும்.

சொந்த ஆய்வகத்திலேயே இதைச் செய்து முடிக்க இரண்டு வருடமாவது பிடித்திருக்கும். அதற்குப் பதிலாக, என்ன வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுதி உலகெங்கும் உள்ள தங்கள் தொடர்புகளுக்கு அனுப்பினார்கள். ஆள் கிடைத்தது இத்தாலியின் போலோனியாவில். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அங்கே சின்ன பேக்கரி நடத்தி, பேக்கரிக் கருவிகளும் செய்துவந்தார். கேக், பிஸ்கட் மேல் இங்க்ஜெட் முறையில், அதாவது மையை நுண்துளிகளாகத் தெளித்து, படம் அச்சிடும் வழியை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அதை வறுவலுக்கு ஏற்ப மாற்றினார்கள். 2004-ல் சரக்கு வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது.

இப்படி வெளியாட்களிடம் தீர்வு தேடும் வழிமுறைக்குத் 'திறந்த புத்தாக்கம்' என்ற பெயரை 2003-ல் பரப்பியவர் மேலாண்மைப் பேராசிரியர் ஹென்றி செஸ்ப்ரோ. பி அண்ட் ஜி போட்ட கணக்கு இது: தங்களிடம் 7,500 ஆய்வாளர்கள், அவர்களில் ஒவ்வொருவருக்கும் நிகரான திறமையுள்ள 200 பேர் வெளியே இருப்பார்கள், ஆக, 15 லட்சம் பேர். புதுமைகளில் பாதி வெளியிலிருந்து வரட்டும் என்று தலைவர் ஏ.ஜி. லாஃப்லி இலக்கு வைத்தார்.

என்னைப் பொறுத்தவரை, முழு வித்தையும் அந்தக் குறிப்பை எழுதுவதில்தான் இருக்கிறது. 'வறுவல் நிபுணர் தேவை' என்றால் கேக் சுடுகிறவர் ஏன் படிக்கப்போகிறார்? 'ஈரமான தின்பண்டத்தின் மேல் வேகமாக அச்சிட வேண்டும்' என்றால் அது தன் வேலை என்று அவருக்குப் புரிந்துவிடும். தொழிலின் பெயரை உரித்தெடுத்துவிட்டுச் சிக்கலை மட்டும் சொல்ல, அதை உள்ளும் புறமும் அறிந்தவரால்தான் முடியும். அதனால் சொந்த ஆய்வகத்தை மூடிவிட முடியாது.

அப்புறம் ஒரு சங்கடம் உண்டு. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-லேயே இதை எழுதினார்: யோசனையைக் காட்டாவிட்டால் வாங்குபவருக்கு மதிப்பு தெரியாது, காட்டிவிட்டால் காசு கொடுக்காமலே அது அவர் கைக்குப் போய்விடும். காப்புரிமை வாங்கி வைத்திருப்பவர் தைரியமாகக் காட்டலாம். நிறுவனங்களுக்கும் இதே பயம் மறுபக்கத்திலிருந்து உண்டு. தங்கள் ஆய்வகத்தில் அதே யோசனை முன்பே உருவாகியிருந்தால், திருடியதாக வழக்கு வரலாம். அதனால்தான் பல நிறுவனங்கள், யோசனை அனுப்புகிறவர்களிடம், முதல் கடிதத்தில் ரகசியம் எதையும் எழுதவேண்டாம் என்று தாங்களே கேட்டுக்கொள்கின்றன.