மூத்தது தின்ற மிச்சம்

“ஒரே இனத்துக்குள் பெரியதும் சின்னதும் சாப்பாட்டுக்குப் போட்டி போடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நன்றாகவே போடும். பால்டிக் கடலின் அடிச்சேற்றில் மோனோபோரியா அஃபினிஸ் என்றொரு உயிரி இருக்கிறது. இறால், நண்டு கூட்டத்தைச் சேர்ந்த ஆம்பிபாடு. முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் ஒரு சதுர மீட்டர் சேற்றில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்.

இலையுதிர்காலக் கடைசியில் இணை சேர்ந்ததும் ஆண் செத்துவிடும். பெண், வயிற்றடிப் பையில் முட்டைகளைச் சுமந்து, குளிர் முடியும் தறுவாயில் குஞ்சுகளை விட்டுவிட்டுத் தானும் போய்ச் சேரும். ஆழமில்லாத இடங்களில் ஆயுள் சுமார் 2 ஆண்டு. ஆழத்திலும் வடக்கிலும் 3 ஆண்டு அல்லது அதற்கும் மேல். ஆக, இந்த ஆண்டுக் குஞ்சும் போன ஆண்டுக் குஞ்சும் ஒரே சேற்றில்தான் கிடக்கும்.

சரி, எதற்குப் போட்டி? வசந்தத்தில் வெயில் ஏறியதும் கடல்மேல் டயாட்டம் என்ற நுண்பாசி மளமளவென்று பெருகும். தண்ணீர் இன்னும் சில்லென்று இருப்பதால் அதை மேய வேண்டிய நுண்விலங்குகள் போதிய அளவு பெருகியிருக்காது. தின்ன ஆளில்லாத பாசி அப்படியே அடியில் இறங்கிப் படியும். சேற்றுவாசிகளுக்கு ஆண்டுச் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு பந்திதான். போன ஆண்டுக்காரர்கள் சேற்றைக் கிளறித் தின்று, அதைக் கொழுப்பாகச் சேர்த்துவைப்பார்கள். பின்னால் முட்டையாவது அந்தக் கொழுப்பு. அதே பந்திக்குத்தான் ஓரிரு மில்லிமீட்டர் குஞ்சுகளும் வந்து சேர்கின்றன. இதில் எனக்குப் பிடித்ததே, யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை என்பதுதான். முன்னால் தின்றவர் மிச்சம் வைக்கவில்லை, அவ்வளவே. நெரிசல் கூடினால் குஞ்சுகளின் வளர்ச்சி மட்டுப்படும். ஓராண்டு அமோகமாகப் பிறந்த கூட்டம், அடுத்த ஆண்டுக் கூட்டத்தை இப்படி அமுக்கிவிடலாம். இந்த உயிரியின் எண்ணிக்கை ஏறி இறங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதையெல்லாம் அறிய ஒரே இடத்துச் சேற்றைப் பல ஆண்டுகள் விடாமல் அள்ளிச் சலிக்க வேண்டும். பின்லாந்தின் விலங்கியலாளர் ஸ்வென் செகர்ஸ்ட்ராலே இந்த உயிரியோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். மூன்று ஆண்டு நிதி கொடுத்து முடிவைக் கேட்பவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு மேல் முழுசாகக் கண்ணில் படாது.

அப்புறம், அதே சேற்றில் சதூரியா என்றொரு பெரிய ஐசோபாடு உண்டு; இறால், நண்டு கூட்டத்தின் இன்னொரு பிரிவு. அது மோனோபோரியாவையும் தின்னும், தன் இனத்துச் சின்னவற்றையும் தின்னும். அங்கே மிச்சத்துக்கான போட்டியெல்லாம் கிடையாது, நேரடி விழுங்கல்தான்.