உயிர்த்த ஞாயிறு: மூச்சிலிருந்து வந்த சொல்

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் ஒருநாள் வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, என் ஆறு வயது மகள் கேட்டாள்: “உயிர்த்த ஞாயிறு எண்டா குண்டு வெடிச்ச நாளா, அம்மா?”

கொழும்பில் வளரும் பிள்ளை அப்படித்தான் கேட்கும். 2019 ஏப்ரல் 21இல், அந்த விழாவன்றே கோயில்களில் குண்டுகள் வெடித்த பிறகு, செய்திகளில் இந்தப் பெயர் ‘தாக்குதல்’ என்ற சொல்லோடு ஒட்டியே வருகிறது. சிங்களத்திலும் ‘பாஸ்கு பிரஹாரய’ என்றுதான் கேட்கிறோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அன்று இறந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் மெழுகுதிரி ஏற்றாத வருடமில்லை. ஆனால் இந்தச் சொல்லுக்கு அதற்கு முன்பே ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் சேர்க்க வேண்டியது நாங்கள்தான்.

பழந்தமிழில் ‘உயிர்த்தல்’ என்றால் மூச்சு விடுதல். ‘உயிர்ப்பு’ மூச்சு, ‘நெட்டுயிர்ப்பு’ பெருமூச்சு. உயிர் பெறுதல், உயிர்த்தெழுதல் என்ற பொருளும் அதே வேரில்தான் நிற்கிறது. மகளின் விரலைப் பிடித்து அவள் மூக்கின் கீழே வைத்தேன். “சுடுதா? இதுதான் உயிர்ப்பு. கல்லறைக்குள்ள நிண்டுபோன மூச்சு இயேசுவுக்குத் திரும்பி வந்த நாள்.” அவள் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்த்தாள்.

‘உயிர்த்த ஞாயிறு’ என்றால் உயிர்த்தது ஞாயிறா? இல்லை. ‘பிறந்த நாள்’ என்கிறோம், நாளா பிறக்கிறது? காலப்பெயர் கொண்டு முடியும் பெயரெச்சம் இது: அவர் உயிர்த்த அந்த ஞாயிறு. பிறந்தநாள் கேக் வெட்டிய பிள்ளைக்கு இதை விளங்கவைப்பது சுலபம்.

ஈஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. இங்கிலாந்துத் துறவி பீட், 725ஆம் ஆண்டில் எழுதிய நூலில், ‘ஈஓஸ்த்ரே’ என்ற பெண் தெய்வத்தின் பெயரால் ஒரு மாதம் அழைக்கப்பட்டதாகச் சொல்கிறார். அந்தத் தெய்வத்தைப் பற்றி அவர் சொல்வதைத் தவிர வேறு பழைய சாட்சி இல்லை. சொல்லின் வேரைக் கிழக்கு, விடியல் என்ற பொருளோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. எபிரேய ‘பெசாக்’ என்பதோ கடந்துபோதல். எகிப்தில் இஸ்ரயேலரின் வீடுகளைச் சாவு கடந்துபோன இரவு. அது கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ‘பாஸ்கா’ ஆகி, பாஸ்காத் திரி, பாஸ்கா திருவிழிப்பு என்று எங்கள் கோயில் தமிழிலும் வழங்குகிறது. சிங்களப் ‘பாஸ்கு’ போர்த்துக்கேயரின் ‘பாஸ்கோவா’ வழி வந்தது.

ஆகவே நாளுக்கு ‘உயிர்த்த ஞாயிறு’, விழாவுக்கு ‘உயிர்ப்புப் பெருவிழா’, வாழ்த்துக்கு ‘உயிர்ப்பு விழா வாழ்த்துகள்’. ‘ஈஸ்டர் தினம்’ என்று எழுதுவதைவிட இவை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தேதியும் பிள்ளைக்கு உதவியது. திருச்சபைக் கணக்குப்படி, மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பறுவத்தை (முழுநிலாவை) அடுத்த ஞாயிறுதான் விழா. அதனால் 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. நினைவுநாள் ஏப்ரல் 21இலேயே நிற்கும். விழா நிலவோடு நகரும். முழுநிலா நாளில் வரும் போயா விடுமுறையை எண்ணிக் காத்திருக்கும் பிள்ளைக்கு நிலாக் கணக்கு புதிதல்ல.

ஈஸ்டர் முட்டைக்கு மட்டும் பெயர் மாற்ற நான் மெனக்கெடவில்லை. பழைய தவக்காலத்தில் முட்டையும் விலக்கு; நோன்பு முடிய அது விருந்தானது. முட்டையின் ஓடு மூடிய கல்லறையாகவும் பார்க்கப்பட்டது. விழாவுக்கு முதல்நாளான பெரிய சனியன்று வெங்காயத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டு வெள்ளை முட்டைகளை அவித்தோம். செம்மண் நிறம் பிடித்தது. மஞ்சள் போட்ட இன்னொரு சட்டியில் தம்பியின் முட்டை. காலைப் பூசை முடிந்து வந்து அதை உடைக்கும் முன், அக்கா அவனுடைய விரலைப் பிடித்து அவன் மூக்கின் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.