பல், முதுகு, கண்ணிமை: சந்தையில் ஆடு பார்க்கும் அறிவியல்

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம், வியாழக்கிழமை அய்யலூர், வெள்ளிக்கிழமை செஞ்சி, சனிக்கிழமை எட்டயபுரம். தமிழ்நாட்டில் ஆட்டுச் சந்தை எங்கும் கூடாத நாள் வாரத்தில் குறைவு. விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். அந்த அவசரத்திலும் அனுபவப்பட்ட ஒரு வியாபாரி ஆட்டை எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கீழுதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். இடுப்புக்குச் சற்று முன்னால் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். சிலர் கண்ணிமையையும் இழுத்துப் பார்ப்பார்கள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகாது. அப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது.

அந்த அரை நிமிடத்தில் நடப்பது நல்ல உயிரியல் சோதனை. ஆட்டின் உடம்பில் ஒவ்வோர் இடமும் வெவ்வேறு காலத்தின் கணக்கை வைத்திருக்கிறது. பல்லில் இருப்பது ஆண்டுக் கணக்கு. முதுகில் மாதக் கணக்கு. கண்ணிமையில் வாரக் கணக்கு. வயிற்றில் நேற்று ராத்திரிக் கணக்கு மட்டும்தான். புதிதாக ஆடு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த வயிற்றைத்தான். ஏமாறுவதும் அங்கேதான்.

பல்லிலிருந்து தொடங்கலாம். வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் மேல்தாடையின் முன்புறம் பல்லே கிடையாது. அந்த இடத்தில் தடித்த, கெட்டியான ஈறு மட்டும் இருக்கும். கீழ்த்தாடையில் எட்டு வெட்டுப்பற்கள். இலையை இந்தப் பற்களுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் பிடித்து, தலையை வெடுக்கென்று இழுத்துத்தான் ஆடு கடிக்கிறது. குட்டி பிறந்து ஒரு மாதத்துக்குள் எட்டுப் பால்பற்களும் வந்துவிடும். அவை சின்னவை, ஒடுங்கியவை, கூர்மையானவை. ஏறத்தாழ ஒரு வயதிலிருந்து ஒன்றேகால் வயதுக்குள் நடுவில் இருக்கும் இரண்டு பால்பற்கள் விழுந்து, அகலமான இரண்டு நிலைப்பற்கள் முளைக்கும். இதைத்தான் சந்தையில் ‘ரெண்டு பல்’ என்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு ஜோடி என்ற கணக்கில், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பற்கள் மாறிக்கொண்டே போகும். இரண்டு வயதை ஒட்டி நாலு பல், மூன்றை ஒட்டி ஆறு பல், நான்கை ஒட்டி எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும்.

பல் மாறும் வரிசை பிசகாது. காலம்தான் கொஞ்சம் முன்பின் ஆகும். இனத்தைப் பொறுத்தும் தீனியைப் பொறுத்தும் சில மாதங்கள் வித்தியாசம் வரலாம். ஆனால் நாலு பல் போட்ட கிடாவைப் பல்லே போடாத குட்டி என்று யாராலும் விற்க முடியாது. பக்ரீத் சமயத்தில் இந்தச் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. குர்பானிக்குக் கொடுக்கும் வெள்ளாடு ஓராண்டு நிறைந்ததாக, ஊனம் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது மார்க்க விதி. வளர்த்தவரின் வாய்ச்சொல்லுக்கு மேல் ஒரு சாட்சி வேண்டும் என்றால் அது ஆட்டின் வாயிலேயே இருக்கிறது. எட்டுப் பல் சேர்ந்த பிறகு புதுப் பல் முளைக்காது என்பதால், அதன் பின் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், அப்புறம் உடையும், கடைசியில் ஒவ்வொன்றாக விழும். பல் விழுந்த பெட்டையாட்டை இனவிருத்திக்கு வாங்குவது நஷ்டம். மேய்ச்சலில் இலையை நறுக்க முடியாத ஆடு தன் உடம்பையே தேற்ற முடியாது, குட்டிக்குப் பால் எங்கிருந்து வரும்?

எடைக்கு வருவோம். இப்போது பல இடங்களில் உயிர் எடைக்குத்தான் விற்பனை. தராசு இல்லாத இடத்தில் தையல்காரர் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து பின்புறம் வால் பக்கத்து எலும்பு வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 10,840 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 70, நீளம் 64 என்றால் ஏறத்தாழ 29 கிலோ.

இந்த 10,840 எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே பலர் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் பிடிபடும். ஆட்டின் உடம்பை ஓர் உருளை என்று வையுங்கள். உருளையின் கன அளவு, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, நான்கு மடங்கு பை (π) என்ற எண்ணால் வகுத்தால் வரும். சதையும் ரத்தமும் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி கொண்டவை, அதாவது ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு கிலோ. இரண்டையும் சேர்த்தால் வகுக்க வேண்டிய எண் 12,566. அதன்படி மேலே சொன்ன ஆடு 25 கிலோதான். ஆனால் நிஜ ஆட்டுக்குத் தலை உண்டு, கால் உண்டு, மார்பைவிடப் புடைத்த வயிறு உண்டு. அந்த மிச்சத்துக்குத்தான் எண்ணைக் குறைத்து 10,840 ஆக்கியிருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது மார்புச் சுற்றளவு. அது வர்க்கமாக வருவதால், அதில் 2 சென்டிமீட்டர் தப்பினால் எடையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தப்பும். நீளத்தில் அதே 2 சென்டிமீட்டர் தப்பினால் ஒரு கிலோகூட வராது. ஆகவே டேப்பை ரோமத்துக்கு மேல் தளர்வாகப் பிடிக்காமல், ஆடு நாலு காலிலும் நேராக நிற்கும்போது ஒட்டி அளக்க வேண்டும்.

டேப்பால் அளப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மார்பு எலும்புக்கூட்டுக்குள் இருப்பது நுரையீரலும் இதயமும். காலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் மார்புச் சுற்றளவு பெரிதாக மாறாது. தராசு அப்படி இல்லை. ஆட்டின் உயிர் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வயிற்றிலும் குடலிலும் கிடக்கும் தீனியும் நீரும்தான். சந்தைக்குக் கிளம்பும் முன் உப்புப் போட்ட தீவனம் கொடுத்து, தாகம் எடுக்க வைத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால் எடை ஒன்றிரண்டு கிலோ கூடிவிடும். வாங்கியவர் வீடு போய்ச் சேரும்போது அந்தக் கிலோ சிறுநீராகப் போயிருக்கும். கறிக்கு அறுத்தால் உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியும் எலும்புமாகக் கிடைக்கும். அந்தப் பாதியில் வயிற்றுத் தண்ணீருக்கு இடமே இல்லை. எடை போடுவதானால் ராத்திரி முழுக்கத் தீனி இல்லாமல் கட்டியிருந்த ஆட்டை விடியற்காலையில் போடுவதுதான் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நியாயமான எடை.

ஏன் இவ்வளவு பெரிய வயிறு? வெள்ளாடு தின்னும் இலைதழையில் பெரும்பகுதி செல்லுலோஸ். அதைச் செரிக்கும் நொதி எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் சுரப்பதில்லை. ஆடு அந்த வேலையை நுண்ணுயிரிகளிடம் விட்டுவிட்டது. நான்கு அறை கொண்ட இரைப்பையின் முதல் அறை, அதாவது ரூமன், இடது விலாவை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஒரு நொதிப்புத் தொட்டி. அங்கே ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடி அளவுக்கு பாக்டீரியாக்கள் இருக்கும். அவை இலையை உடைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. ரூமனின் சுவர் அவற்றை உறிஞ்சி ரத்தத்தில் சேர்க்கிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. அப்புறம் அந்த நுண்ணுயிரிகளே கடைசி அறைக்குப் போய்ச் செரிமானமாகி ஆட்டுக்குப் புரதமாகின்றன.

இவ்வளவு அமிலம் ஊறியும் தொட்டி புளித்துப்போகாமல் இருக்கக் காரணம் எச்சில். அசைபோடும்போது ஆட்டின் வாயில் லிட்டர் கணக்கில் எச்சில் சுரக்கிறது. அதில் சமையல் சோடாவில் உள்ள அதே பைகார்பனேட் இருக்கிறது. நாருள்ள தழை தின்றால் நிறைய அசைபோட வேண்டும், எச்சிலும் நிறைய. சோறோ மக்காச்சோள மாவோ தின்றால் அசைபோட எதுவும் இல்லை. மாவுச்சத்தோ மளமளவென்று நொதிக்கும். லாக்டிக் அமிலம் பெருகும், தழையைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போகும், ரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். ஆடு ஒரே நாளில் சாகலாம். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று ஆடு செத்ததும், பொங்கலன்று பாசத்தோடு நிறையப் பொங்கல் ஊட்டி மாடு படுத்துவிட்டதும் கிராமங்களில் கேள்விப்படாத கதை அல்ல. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. விற்பதற்குப் பத்து நாள் முன்பு திடீரென்று தானியத்தைக் கூட்டி ‘தேற்றுகிற’ வழக்கமும் இதே ஆபத்தைத்தான் கூப்பிடுகிறது. தானியம் சேர்ப்பதானால் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பாக்டீரியாக் கூட்டம் அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

சந்தையில் வயிற்றைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதன் பருமனை விட்டுவிட்டு அசைவைப் பாருங்கள். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். நல்ல ஆடு என்றால் அந்த நிமிடத்தில் ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து ஓர் அலை வந்து கையைத் தள்ளும். ரூமன் சுருங்கித் தீனியைக் கலக்குகிறது. அசைவே இல்லை என்றாலும், அந்த இடம் பறைபோல விறைத்திருந்தாலும் வேறு ஆட்டைப் பாருங்கள்.

முதுகு, மாதக் கணக்கு என்று சொன்னேன். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் முதுகெலும்பின் பக்கவாட்டில் சிறு எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனை விரலுக்குக் கூராகத் தட்டுப்பட்டால் ஆடு வாடிக்கிடக்கிறது. சதை மூடி உருண்டையாக இருந்தால் தேறியிருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். ஒரு ராத்திரித் தண்ணீரால் இந்தச் சதையை உண்டாக்க முடியாது. வெள்ளாடு கொழுப்பை முதலில் வயிற்றுக்குள்தான் சேர்த்துவைக்கும், தோலுக்கடியில் வருவது பிறகு. அதனால் முதுகோடு நெஞ்செலும்பையும் தொட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் கவுன்டி கண்காட்சிகளில் பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த போயர் இனக் கிடாக்களை நிறுத்தும்போது நடுவரின் கை போவதும் இந்த இடுப்புச் சதைக்குத்தான். பிள்ளைகள் கிடாவின் நெஞ்சைத் தங்கள் காலால் தாங்கிப் பிடிப்பார்கள். கிடா எதிர்த்துத் தள்ளும்போது தசை இறுகித் தெரியும்.

கண்ணிமை சொல்வது ரத்தத்தின் கதை. நம் ஊர் ஈரமான மேய்ச்சலில் ஆட்டுக்குப் பெரிய எதிரி ஹீமாங்கஸ் என்ற இரைப்பைப் புழு. நான்காம் அறையின் சுவரைக் கிழித்து ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லிலிட்டர் குடிக்கிறது. ஆயிரம் புழு என்றால் 50 மில்லிலிட்டர். 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம்தான். கீழிமையை விலக்கி உட்புறச் சவ்வைப் பார்த்தால் சிவப்பா, இளஞ்சிவப்பா, வெளுப்பா என்று தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறம் கொண்ட ஃபமாச்சா அட்டையை உருவாக்கினார்கள். ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளுக்குள்தான் இருக்கும். வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி ஊற்றினால் மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். சந்தைப் புழுதியில் கண் எரிந்து சிவந்திருப்பதும் உண்டு. அப்போது ஈறின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் ரத்தத்தில் புரதமும் வற்றிவிட்டது என்று பொருள்.

பனி காய்வதற்கு முன் பட்டியைத் திறக்காத நம் ஆட்டுக்காரர்களின் பழக்கம் எவ்வளவு சரியானது என்பதும் இந்தப் புழுவின் வாழ்க்கையைப் படித்தால் புரியும். புழுக்குஞ்சுகள் புல்லின் மேல் உள்ள நீர்ப்படலத்தில்தான் ஏறுகின்றன. பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான். கால் நீண்ட கொடி இன ஆடும் கன்னி இன ஆடும் பின்னங்காலில் நின்று கருவேலையும் வேம்பும் கடிக்கும்வரை அவற்றின் வாய்க்குப் புழு எட்டுவது குறைவு. அதே ஆட்டைப் புல்தரையில் நெருக்கி அடைத்து மேய விட்டால் நிலைமை தலைகீழாகும்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் ஒன்றை மட்டும் சந்தையில் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டுக்கொல்லி நோய் என்கிற பி.பி.ஆர். வைரஸ் உள்ளே போன பிறகு அறிகுறி தெரிய நாலு முதல் ஆறு நாள் வரை ஆகலாம். அதுவரை ஆடு நன்றாகத்தான் நிற்கும். 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1987இல், நம் விழுப்புரம் பகுதியின் அரசூரில். அதனால் வாங்கிய ஆட்டைப் பழைய ஆடுகளோடு உடனே சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் தனிக் கொட்டகையில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வைத்திருங்கள். கண்ணிலும் மூக்கிலும் சளி, வாயில் புண், கழிச்சல் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இடையில் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் புழு முட்டை இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். பி.பி.ஆர். தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்றாண்டுகள் தாங்கும்; அரசு முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் ஊருக்கு முகாம் எப்போது வருகிறது என்பதை ஆடு வாங்கப் போவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.