நம்ம பக்கத்துத் தீவிரம் மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

"மேடம், அவன் அந்தப் பக்கம் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது."

மகனை ஆலோசனைக்கு அழைத்து வந்த ஒரு தந்தை, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சொன்னது இது. மகனுக்குப் பத்தொன்பது வயது. இனத்தூய்மை பேசும் ஓர் இணையக் குழுவில் இரவெல்லாம் கிடக்கிறான். தந்தையோ இளமையில் இடதுசாரி இயக்கத்தில் இருந்தவர். இதே பையன் வர்க்க எதிரிகளைச் சுட்டால்தான் விடிவு என்று பேசியிருந்தால், 'இள ரத்தம், போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டிருப்பேன் என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். இதற்கு நேர் எதிரான பெற்றோரும் என்னிடம் வந்திருக்கிறார்கள். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தீவிர அரசியல் குழுக்களில் சிக்கியவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பேசுவது என் வேலை. 'தீவிர வலதா, தீவிர இடதா, எது மோசம்?' என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். இருந்தாலும் கேள்வி தவறில்லை. அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் போதும்: ஒருவர் உள்ளே போகும் வழி ஒன்றா? போய்ச் செய்வது ஒன்றா?

வழி ஏறக்குறைய ஒன்றுதான். உளவியலாளர் ஆரி குருக்லான்ஸ்கி இதை மூன்றாகச் சொல்கிறார்: தேவை, கதை, கூட்டம். 'நான் ஒன்றுமில்லாதவன் ஆகிவிட்டேன்' என்ற அவமானம் முதலில் வருகிறது. அந்த அவமானத்துக்கு யார் காரணம் என்று சொல்லும் கதை ஒன்று கிடைக்கிறது. அப்புறம், அந்தக் கதையை நம்புகிறவனை 'நீ முக்கியமானவன்' என்று தட்டிக்கொடுக்கும் கூட்டம். என் அறைக்கு வருகிறவர்கள் சித்தாந்த நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள் அல்ல. கூட்டம் முதலில் வந்தது, சித்தாந்தம் பிறகுதான்.

ஹோர்ஸ்ட் மாலரைப் பாருங்கள். ஜெர்மன் வழக்கறிஞர். 1970 இல் செம்படைப் பிரிவு என்ற இடதுசாரி ஆயுதக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதற்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 2000 இல் அவர் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். பிறகு யூதப் படுகொலையை மறுத்துப் பேசி மீண்டும் சிறைக்குப் போனார். பின்னாளில் பாசிச சர்வாதிகாரியான முசோலினியும் 1914 வரை இத்தாலிய சோசலிஸ்ட் கட்சியின் 'அவந்தி' நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தவர்தான். இப்படித் தாவுகிறவர்கள் குறைவு, இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எதிரியின் பெயர் மாறினாலும் 'எதிரி ஒழிந்தால் எல்லாம் சரியாகும்' என்ற உறுதி அப்படியே இருக்க முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி.

பேச்சிலும் இந்த ஒற்றுமை தெரியும். புரட்சி முடிந்த சூட்டில் எழுதிய ஒரு கட்டுரையில் லெனின், ரஷ்ய மண்ணிலிருந்து தெள்ளுப்பூச்சிகளையும் மூட்டைப்பூச்சிகளையும் ஒழிக்க வேண்டும் என்றார். மூட்டைப்பூச்சி என்று அவர் சொன்னது பணக்காரர்களை. 1943 இல் நாஜித் தலைவர் ஹிம்லர் தன் படை அதிகாரிகளிடம், யூத எதிர்ப்பு என்பது பேன் ஒழிப்பு மாதிரிதான், அது கொள்கை விஷயமே அல்ல, சுத்தம் பற்றிய விஷயம் என்றார். வீட்டில் ஒரு பிள்ளை மனிதர்களைப் பூச்சி, கிருமி, குப்பை என்று பேசத் தொடங்கினால், எந்தக் கட்சிக்காரர்களைச் சொல்கிறான் என்று பார்க்காதீர்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

சரி, போய்ச் செய்வது? இங்கேதான் 'இரண்டும் ஒன்றே' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரசியல் ஒரு கோடு அல்ல, குதிரை லாடம், இரு முனைகளும் நெருங்கிவிடும் என்று ஒரு கோட்பாடு உண்டு. மனதைப் புரிந்துகொள்ள அது கொஞ்சம் உதவும். வரலாற்றைப் புரிந்துகொள்ள அவ்வளவாக உதவாது. தீவிர வலது ஒருவரைப் பிறப்பை வைத்து எதிரியாக்குகிறது. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்கள் என்ன சொல்லியிருந்தாலும், எதை விட்டுக்கொடுத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. தீவிர இடது ஒருவரை அவர் வகிக்கும் இடத்தை வைத்து எதிரியாக்குகிறது: நிலக்கிழார், முதலாளி, அதிகாரி. கேட்க இது நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் அந்தக் கோடும் அழிந்துவிடுகிறது. ஸ்டாலின் 1944 இல் கிரிமியத் தாத்தார் என்ற இனத்தவரைக் குழந்தை குட்டிகளோடு ரயிலேற்றி நாடு கடத்தினார். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் இறந்தார்கள், அங்கிருந்த வியட்நாமியச் சிறுபான்மையினர் கிட்டத்தட்டத் துடைத்தழிக்கப்பட்டார்கள். வர்க்கம் என்று தொடங்கியது கடைசியில் பிறப்பில் வந்து நின்றது.

வன்முறையின் பாணியும் வேறு. ஒரே பத்தாண்டில் இரண்டையும் பார்த்த நாடு இத்தாலி. இடதுசாரிச் செம்படையணி, ஆளைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியது. 1978 மார்ச் 16 அன்று முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி, மெய்க்காவலர் ஐவரைக் கொன்று, 55 நாள் கழித்து அவரையும் கொன்றது. நவபாசிஸ்டுகளோ கூட்டத்தில் குண்டு வைத்தார்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று பொலோனா ரயில் நிலையத்தில் 85 பேர் செத்தார்கள்.

அதற்கும் முன்பு, 1969 டிசம்பரில், மிலானில் ஒரு வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். போலீஸ் உடனே, அரசே வேண்டாம் என்னும் இடதுசாரிகளான அராஜகவாதிகளைப் பிடித்தது. அவர்களில் ஜுசெப்பே பினெல்லி என்ற ரயில்வே ஊழியர், காவல் நிலையத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குண்டு வைத்தது நவபாசிஸ்டுகள் என்று வெகுகாலம் கழித்தே நிலைபெற்றது. ஜெர்மனியில் 2000 முதல் 2007 வரை ஒரு நவநாஜிக் குழு பத்துப் பேரைக் கொன்றது, அவர்களில் எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளியினர். போலீஸ் சந்தேகப்பட்டது இறந்தவர்களின் குடும்பங்களை! 2011 இல்தான் உண்மை தெரிந்தது. மறுபக்கமும் இதே கதைதான். 1933 இல் ஸ்டாலின் ஆட்சியின் கீழ் உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் டுராண்டி பட்டினிச் சாவு இல்லை என்று எழுதினார். என் அறையில் அந்தத் தந்தைக்கு இருந்த அதே குருட்டுப் புள்ளி, அரசுகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இருந்திருக்கிறது.

இன்றைய நிலைமை இடத்துக்கு இடம் மாறும். பெருவில் 1980 இல் தொடங்கிய 'ஒளிரும் பாதை' மாவோயிஸ்ட் போரில் ஏறத்தாழ 69,000 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேற்பட்ட சாவுகளுக்கு அந்த இயக்கமே பொறுப்பு என்றது உண்மை ஆணையம். இன்று அது வெறும் எச்சம். இடது, வலது இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால், மேற்கு நாடுகளில் சமீப காலத்தின் பெரிய படுகொலைகள் தீவிர வலதின் கணக்கில் வருகின்றன: 1995 இல் ஓக்லஹோமாவில் 168 பேர், 2011 இல் நார்வேயில் 77 பேர், 2019 இல் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேர். கிறைஸ்ட்சர்ச் கொலையாளி அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. அன்று சேர வேண்டுமானால் சீருடை, கூட்டம், தலைவர் வேண்டும். இன்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே சேரலாம். வீட்டாருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணமே அதுதான்.

பெற்றோர் பொதுவாகச் செய்யும் தவறு, ஆதாரங்களைக் கொட்டி வாதம் செய்வது. அந்தக் கூட்டம் இதற்குப் பதிலை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கும். நான் வேறு மாதிரி கேட்பேன்: இதை முதலில் உனக்கு யார் சொன்னது? அப்போது உன் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது? இதற்குப் பதில் வர வாரங்கள் ஆகும். அதுவரை உறவை அறுத்துவிடாதீர்கள். அறுத்தால் மிச்சமிருப்பது அந்தக் கூட்டம் மட்டும்தான்.

ஜெர்மனியில் தீவிர வலதுசாரிக் குழுக்களிலிருந்து வெளியேற நினைப்பவர்களுக்கு உதவும் எக்ஸிட் அமைப்பு, 2011 இல் ஒரு நவநாஜி இசைவிழாவில் மண்டையோடு போட்ட 250 டி-ஷர்ட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. துவைத்ததும் படம் போய், அடியிலிருந்து வேறு எழுத்து வந்தது: இந்தச் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்தது கூட்டத்தின் நடுவில் அல்ல, அவன் வீட்டில் தனியாக இருந்தபோது.

ஒரு எச்சரிக்கை. தேதி, இடம், ஆயுதம், விடைபெறும் பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அது ஆலோசனைக்கான விஷயம் அல்ல. உடனே காவல்துறையிடம் சொல்லுங்கள். தாக்குதலுக்குத் திட்டமிடுகிறவர்கள் பல நேரம் முன்கூட்டியே யாரிடமாவது ஏதாவது சொல்லிவிடுகிறார்கள். கேட்டவர் 'சும்மா பேசுகிறான்' என்று விட்டுவிடுகிறார்.

அந்தத் தந்தை நான்காவது முறை தனியாக வந்தார். தன் பழைய தோழர்களின் குழுவில் வந்த ஒரு துணுக்கை போனில் காட்டினார். எதிர்க்கட்சிக்காரர்களைக் கரப்பான்பூச்சிகளாக்கி, மருந்தடிக்கும் நகைச்சுவை. அடியில் அவர் போட்ட சிரிப்புக் குறியும் இருந்தது.

"இதுவும் அந்தக் கணக்கில் வருமா மேடம்?"

சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.