உயர் வெப்பநிலை மீக்கடத்தி: எதைவிட உயர்வு?

ஒரு தெர்மோகோல் கிண்ணத்தில் மாத்திரை போன்ற கறுப்புப் பீங்கான் வில்லை ஒன்று. அதன்மேல் திரவ நைட்ரஜனை ஊற்றினால் சளசளவென்று கொதித்து வெண்புகை எழும்பும். கொதிப்பு அடங்கியதும் சின்னக் காந்தத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து மேலே விட்டால், எதையும் தொடாமல் சில மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும். தட்டினால் சுற்றும். நைட்ரஜன் வற்றி வில்லை சூடேற ஆரம்பித்ததும் காந்தம் மெல்ல இறங்கிப் படுத்துவிடும். அந்த வில்லைதான் உயர் வெப்பநிலை மீக்கடத்தி. மீக்கடத்தி என்றால், போதிய அளவு குளிர்ந்ததும் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள். கிண்ணத்துக்குள் இருந்ததோ −196 டிகிரி செல்சியஸ் குளிர்.

அப்படியானால் 'உயர்' எங்கிருந்து வந்தது? 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வினில், அதாவது −269 டிகிரியில், அதன் மின்தடை காணாமல் போனது. அந்த நிலைக்கு அவர் வைத்த பெயரில் இருந்தது 'சுப்ரா' என்ற லத்தீன் முன்னொட்டு. 'மேலே, அப்பால்' என்று பொருள். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இன்றும் அதே முன்னொட்டுதான். ஆங்கிலத்தில் 'சூப்பர்' நிலைத்து 'சூப்பர்கண்டக்டர்' ஆனது. அடுத்த 75 ஆண்டுகளாக இந்தத் துறை பெரும்பாலும் திரவ ஹீலியத்தை நம்பியே நடந்தது. 1986இல் ஐபிஎம்மின் சூரிச் ஆய்வகத்தில் பெட்னோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுப் பீங்கான் ஒன்றில் 30 கெல்வினைத் தாண்டினார்கள். மறு ஆண்டே இட்ரியம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடு 90 கெல்வினைக் கடந்தது. நைட்ரஜன் 77 கெல்வினிலேயே, அதாவது கிண்ணத்தில் இருந்த அதே −196 டிகிரியில், திரவமாக இருக்கும். ஹீலியத்தைவிட மிக மலிவு, காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். 'உயர்' என்பது இந்தப் பழைய ஹீலியக் குளிரோடு ஒப்பிட்டுச் சொல்வது, அவ்வளவுதான்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கட' தன்வினை, 'கடத்து' பிறவினை. மின்சாரத்தைக் கடக்க விடுவது கடத்தி. தாமிரம் நற்கடத்தி, சிலிக்கன் குறைகடத்தி. தடையே இல்லாமல் போவதை 'மிக நல்ல கடத்தி' என்று சொன்னால் போதாது, அது வேறு நிலை. அதனால் 'மிகைக்கடத்தி' எனக்கு ஒப்பவில்லை. மிகை என்றால் தேவைக்கு மேற்பட்டது என்ற சாயல் வந்துவிடுகிறது. 'மீ' என்றால் மேல். மீயொலி, மீமிசை எல்லாம் அதில் பிறந்தவை, லத்தீன் முன்னொட்டுக்கும் நேர் இணை. மீகடத்தியா, மீக்கடத்தியா என்ற சண்டையும் வேண்டாம்: மீகண் என இயல்பாகவும், வல்லினம் மிக்கும், மீந்தோல் என மெல்லினம் மிக்கும் வர நன்னூல் இடம் தருகிறது. 'உயர்வெப்ப மீக்கடத்தி' என்று சுருக்குவது மட்டும் தவறு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு.

இந்தச் சொல்லை நம்பி நிறுவனங்களில் பணம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த மீக்கடத்தி என்பதுதான். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது நையோபியம்-டைட்டானியம் கம்பி. பழைய, தாழ் வெப்பநிலை வகை. நன்றாக ஓடும் வணிகம் அது. உயர் வெப்பநிலை வகை விற்பனைக்கு வருவது நாடாவாக. சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், காகிதம் போல மெலிசு. அதற்குள் மீக்கடத்திப் படலம் ஓரிரு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), மீதியெல்லாம் உலோகத் தாங்கல். பீங்கான் நொறுங்கும் என்பதாலும், படிகத் துகள்கள் ஒரே திசையில் அமைந்தால்தான் மின்னோட்டம் தடைபடாது என்பதாலும், நீள நாடா செய்வது கடினம். விலையும் அங்கேதான் ஏறுகிறது. இத்துறையில் விலையை ஒரு கிலோஆம்பியரை ஒரு மீட்டர் கொண்டுபோக எத்தனை டாலர் என்று கணக்கிடுவார்கள். நிறுவனத்தின் அறிக்கையில் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

பயன்பாடு கனவல்ல. 2014இல் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 1 கிலோமீட்டர் கேபிள் ஓடத் தொடங்கியது. 110 கிலோவோல்ட் வழித்தடம் செய்த வேலையை 10 கிலோவோல்டிலேயே செய்தது. ஆனால் பெருமுதலீட்டை இழுத்தது அணுக்கரு இணைவு, அதாவது லேசான அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் எடுக்கும் முயற்சி. அதன் கொதிக்கும் எரிபொருளைக் காந்தப்புலத்தால் அடைத்து வைக்க வலுவான காந்தம் வேண்டும். 2021இல் காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், எம்ஐடியோடு சேர்ந்து, 20 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தை இயக்கிக் காட்டியது. அதற்கு 267 கிலோமீட்டர் நாடா தேவைப்பட்டது. காந்தப்புலம் இரட்டித்தால் இணைவு ஆற்றல் அடர்த்தி ஏறத்தாழ 16 மடங்காகும். அந்தக் காந்தத்தை 77 கெல்வினில் அல்ல, 20 கெல்வினில் இயக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்தால்தான் அத்தனை வலுவான புலத்திலும் நாடா பெரும் மின்னோட்டம் தாங்கும். அதே ஆண்டு இறுதியில் அந்நிறுவனம் திரட்டியது 180 கோடி டாலருக்கு மேல்.

அப்புறம், 'உயர் வெப்பநிலை'யை 'அறை வெப்பநிலை' என்று எழுதிவிடாதீர்கள். 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்துகிறது என்று தென்கொரியாவிலிருந்து செய்தி வந்ததும், தொடர்புள்ளவையாகக் கருதப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் எகிறின. சில வாரங்களில் பல ஆய்வகங்கள் சோதித்து அது மீக்கடத்தி இல்லை என்றன. ஏறிய விலையும் இறங்கியது.