ஒத்துக்கொள்வது வேறு, வலுவான வாதம் வேறு

போட்டித் தேர்வுகளுக்கான லாஜிக்கல் ரீசனிங் (தர்க்கத் திறன்) பயிற்சியில் நன்றாகப் படிக்கிறவர்களும் சறுக்குகிற இடம், வாதங்களின் வலுவை எடைபோடும் கேள்விகள். ஒரு கேள்விக்கு ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று தரப்பட்ட வாதம் வலுவானதா, வலுவற்றதா என்று சொல்ல வேண்டும். புதிர்களைச் சட்டென்று போட்டுவிடுவார்கள். இங்கே மட்டும் தங்கள் கருத்தைக் கேட்பதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பொதுப் பேருந்துகளில் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட வேண்டுமா என்று ஒரு கேள்வி. ‘வேண்டாம், இப்போதே பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை’ என்பது ஒரு வாதம். தினமும் நிறுத்தத்தில் காத்துக் கிடப்பவருக்கு இது மிகச் சரியாகப் படும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கட்டணத்தை எடுப்பதற்கும் அந்தத் தாமதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாதம் சொல்லவே இல்லை. ஆகவே வலுவற்றது. அதையே ‘வேண்டாம், கட்டணம் போனால் கூட்டம் பெருகும், இருக்கிற பேருந்துகள் தாங்காது’ என்று கொடுத்திருந்தால் வலுவானது. கேட்ட விஷயத்திலிருந்தே விளைவு பிறக்கிறது, விளைவும் பெரியது. ‘வேண்டும், டிக்கெட் தாள் மிச்சமாகும்’ என்பதில் தொடர்பு இருக்கிறது, கனம் இல்லை.

சட்ட நிறுவனங்கள் பல ஆள் எடுக்கப் பயன்படுத்தும், சிந்தனைத் திறனைச் சோதிக்கும் வாட்சன்-கிளேசர் தேர்வில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. வாதம் முக்கியமானதா, கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையதா என்ற இரண்டுதான் அங்கே அளவுகோல். வாதத்தில் சொன்னதை உண்மையென்றே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கூட்டம் உண்மையிலேயே பெருகுமா என்று மனதுக்குள் விவாதித்தே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

நம்பிக்கை குறுக்கே வருவது மனித இயல்பு. எவன்ஸ், பார்ஸ்டன், பொல்லார்டு என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், தர்க்கப்படி செல்லாத முடிவுகளையும், நம்பும்படி இருந்தபோது பங்கேற்றவர்கள் 71 சதவீத முறை ஏற்றுக்கொண்டார்கள். நம்ப முடியாததாக இருந்தபோது 10 சதவீதம்தான். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் யாருக்கும் இது நேரலாம்.

இன்னொன்று, எதிரெதிரான இரண்டு வாதங்களும் ஒரே கேள்வியில் வலுவாக இருக்கலாம். ஒன்றை ஜெயிக்க வைக்க வேண்டிய அவசியமில்லை. ‘இது ஒன்றே வழி’ என்று அடித்துச் சொல்லும் வாதத்தை, அதற்குக் காரணம் தராவிட்டால், தயங்காமல் தள்ளிவிடலாம்.

மாதிரித் தேர்வு முடிந்ததும், தவறிய ஒவ்வொரு வாதத்தின் பக்கத்திலும் ‘எனக்குச் சம்மதம்’ அல்லது ‘சம்மதமில்லை’ என்று எழுதிப் பாருங்கள். வலுவானது என்று நீங்கள் தவறாகக் குறித்தவற்றில் பெரும்பாலும் ‘சம்மதம்’ என்றே வந்தால், அப்புறம் எதைத் திருத்த வேண்டும் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.